நீங்காத முள்ளும் போதுமான கிருபையும்

“என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்.” இந்த வசனத்தைத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் தேடிப்போக வேண்டியதில்லை. சுவர்க் காலண்டரில் இருக்கும். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் வரும். கல்லறைக் கல்லிலும் பொறித்திருப்பார்கள். ஆனால் பெரும்பாலும் தனியாகவே வரும். அதற்கு முந்தைய வசனத்தை யாரும் கூடச் சேர்ப்பதில்லை. “அது என்னைவிட்டு நீங்கும்படிக்கு, நான் மூன்றுதரம் கர்த்தரிடத்தில் வேண்டிக்கொண்டேன்” என்பதுதான் அது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் விஷயம் விளங்கிவிடும். ஒருவர் வேதனையோடு ஒன்றைக் கேட்டார். மூன்று முறை கேட்டார். கேட்டது கிடைக்கவில்லை. கிடைக்காத இடத்தில் அவருக்கு வந்த மறுமொழியைத்தான் நாம் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறோம்.

கேட்டவர் அப்போஸ்தலர் பவுல். எழுதியது கிரேக்க நாட்டுக் கொரிந்து சபைக்கு அனுப்பிய இரண்டாம் நிருபத்தில், அதாவது கடிதத்தில், கி.பி. 55 அல்லது 56 வாக்கில். அந்த ஊரைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் அவர் எத்தனை துணிந்து இப்படி எழுதினார் என்பது தெரியும்.

பழைய கொரிந்துவை ரோமப் படை கி.மு. 146-இல் தரைமட்டமாக்கியது. ஏறத்தாழ 100 ஆண்டுகள் பாழாய்க் கிடந்த இடத்தில் கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் ஒரு ரோமக் குடியேற்றத்தை உண்டாக்கினார். குடியேறியவர்களில் பலர் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றவர்கள். ஒரு பக்கம் லெக்கேயோன் துறைமுகம், மறுபக்கம் கெங்கிரேயா துறைமுகம், நடுவில் இந்த ஊர். கிழக்கிலிருந்து மேற்கே போகும் சரக்கெல்லாம் இதன் வழியாகத்தான் போகும். பணம் புரண்டது. பரம்பரைப் பெருமை இல்லாத ஊரில், அவரவர் பெருமையை அவரவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. அங்குள்ள சந்தைவெளியில் பாபியுஸ் பிலினுஸ் என்பவர் எழுப்பிய மண்டபத்தின் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இந்தக் கட்டடத்தைத் தன் சொந்தச் செலவில் கட்டினார் என்கிறது அது. கூடவே, நகர அதிகாரி என்ற முறையில் இதற்கு ஒப்புதல் அளித்தவரும் அவரேதான் என்கிறது. கட்டியவரும் அவர், சரி என்று சொன்னவரும் அவர். தகப்பன் பெயர் மட்டும் இல்லை. அதனால் அவரும் விடுதலை பெற்ற ஓர் அடிமையாகவோ அடிமையின் மகனாகவோ இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவரைக் குறைசொல்லத் தோன்றவில்லை. தலைமுறை தலைமுறையாக மிதிபட்டு எழுந்த ஒரு மனிதர், தன் பெயரைக் கல்லில் பார்க்க ஆசைப்பட்டதில் என்ன வியப்பு? அந்த ஊரில் பலம் என்றால் என்ன, மதிப்பு என்றால் என்ன என்பதை மட்டும் இந்தக் கல் நமக்குக் காட்டிவிடுகிறது.

அந்த ஊருக்கு கி.பி. 50 வாக்கில் பவுல் வந்தபோது, ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்ட ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியோடு சேர்ந்து கூடாரம் செய்து பிழைத்தார். பகலெல்லாம் கைவேலை, மற்ற நேரத்தில் பிரசங்கம். ஒன்றரை ஆண்டு தங்கினார். ஒரு சபை உண்டானது. அவர் கிளம்பிப் போனபிறகு வேறு சில ஊழியர்கள் வந்து சேர்ந்தார்கள். கையில் சிபாரிசுக் கடிதம், நாவில் சொல்வன்மை, தரிசனங்களைப் பற்றிய பேச்சு, கேட்டு வாங்கும் காணிக்கை. பவுல் அவர்களைக் கொஞ்சம் கசப்போடு ‘மகா பிரதான அப்போஸ்தலர்’ என்கிறார். அவர்களோடு ஒப்பிட்டபோது கொரிந்தியருக்குப் பவுல் சாதாரணமாகத் தெரிந்தார். நிருபத்தில் மட்டும் கர்ஜிக்கிறார், நேரில் பார்த்தால் ஆள் பலவீனம், பேச்சும் எடுபடவில்லை என்று சபைக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். கைவேலை செய்து சாப்பிட்டதுகூட அவருக்கு எதிராகவே திரும்பியது. உண்மையான அப்போஸ்தலன் என்றால் சம்பளம் வாங்காமல் ஏன் கூடாரம் தைக்கிறான்?

இதற்குப் பதில் சொல்ல யாரும் எதிர்பார்க்கும் வழி ஒன்று இருந்தது: தன் சாதனைகளை வரிசையாக அடுக்குவது. பவுலும் அடுக்கத் தொடங்குகிறார். ஆனால் பட்டியலில் வருவது வேறு. 5 முறை ஒன்று குறைய 40 அடி. 3 முறை மிலாறு என்னும் பிரம்படி. ஒரு முறை கல்லெறி. 3 முறை கப்பற்சேதம். பசி, குளிர், நிர்வாணம். கடைசியாக, தமஸ்குவில் நடந்த ஒன்றைத் தனியாக எடுத்துச் சொல்கிறார். அரேத்தா ராஜாவின் ஆள் ஊர் வாசலில் காவல் போட்டுப் பிடிக்கக் காத்திருந்தபோது, மதிலில் இருந்த ஜன்னல் வழியாகக் கூடையில் வைத்துத் தன்னை இறக்கிவிட்டார்கள் என்கிறார்.

நமக்கு இது சுவாரசியமான தப்பித்தல் கதை. ரோமக் குடியேற்றத்தில் வாழ்ந்தவர்களின் காதில் அது அப்படி விழுந்திருக்காது. ரோமப் படையில் மதில் கிரீடம் என்று ஒரு பொன் விருது இருந்தது. எதிரியின் கோட்டை மதிலில் முதலில் ஏறிக் குதித்தவனுக்கு அதைச் சூட்டுவார்கள். கி.மு. 209-இல் ஸ்பெயின் கரையில் புதிய கார்த்தேஜ் நகரம் விழுந்தபோது, மதிலில் முதலில் ஏறியது யார் என்று தரைப்படைக்கும் கடற்படைக்கும் வழக்கே வந்துவிட்டது. கைகலப்பு ஆகிவிடும் என்ற நிலையில், இருவரும் ஒரே நேரத்தில் ஏறினார்கள் என்று சொல்லி இரண்டு பேருக்கும் கிரீடம் கொடுத்தார் தளபதி ஸ்கிப்பியோ. மதிலேறும் வீரம் அவ்வளவு பெரிது. நம் இலக்கணத்திலும் மதில் முற்றுகைக்கு உழிஞை என்று தனித் திணையே வகுத்து வைத்திருக்கிறார்களே.

அந்த மதிலைத்தான் பவுல் எடுத்துக்கொள்கிறார். ஏறியதை அல்ல, இறங்கியதைச் சொல்கிறார்; அதுவும் தானாக இறங்கவில்லை, இரவில் கூடையில் வைத்து மற்றவர்கள் இறக்கிவிட்டார்கள். மதில் கிரீடத்தை மனதில் வைத்தே இதை எழுதினார் என்று சில ஆய்வாளர்கள் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. இல்லாவிட்டால் இத்தனை பெரிய பட்டியலின் முடிவில், அடிகளும் கப்பற்சேதங்களும் சொல்லி முடித்தபிறகு, உயிர்ச்சேதம் இல்லாத இந்தச் சின்ன அவமானத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டிய காரணம் என்ன?

இதையடுத்துத்தான் முள் வருகிறது. 14 ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் வானம்வரை எடுத்துக்கொள்ளப்பட்ட அனுபவத்தைச் சொல்கிறார். அதையும் ‘ஒரு மனுஷனை அறிவேன்’ என்று யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, அந்தத் தரிசனத்தால் தன்னை உயர்த்திக்கொள்ளாதபடி மாம்சத்தில் ஒரு முள் கொடுக்கப்பட்டது என்கிறார். என்ன முள்? திருச்சபை இதை ஊகிக்காத காலமே இல்லை. காதுவலி அல்லது தலைவலி என்று ஒரு செய்தியை 3-ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் குறிப்பிடுகிறார். பவுலை எதிர்த்துத் துன்புறுத்திய ஆட்கள்தான் முள் என்றார் பழங்காலப் பிரசங்கியார் கிறிசோஸ்தம். இடைக்காலத்தில் அது மாம்ச இச்சையின் சோதனை என்று பலர் கருதினார்கள். மலேரியா என்றவர்கள் உண்டு. கலாத்தியர் நிருபத்தில் ‘உங்கள் கண்களைப் பிடுங்கிக் கொடுத்திருப்பீர்கள்’ என்று வருவதால் கண்நோய் என்றவர்களும் உண்டு. பவுல் சொல்லவில்லை. கொரிந்தியருக்கு ஒருவேளை தெரிந்திருக்கும். இந்த மௌனத்தால் நமக்கு நன்மைதான். அவர் மலேரியா என்று எழுதியிருந்தால் மனச்சோர்வில் இருப்பவரும், குடியை விட முடியாமல் போராடுபவரும், பிள்ளையில்லாத வேதனையைச் சுமப்பவரும் இந்த வசனத்தை இத்தனை உரிமையோடு தொட்டிருக்க மாட்டார்கள்.

முள்ளைப் பற்றி அவர் சொல்வதில் இரண்டு விஷயங்கள் அக்கம்பக்கமாக நிற்கின்றன. அது கொடுக்கப்பட்டது என்கிறார். கொடுத்தவர் தேவன் என்றுதான் அந்த வாக்கியம் போகிறது. அதே மூச்சில் அது தன்னைக் குட்டும் சாத்தானுடைய தூதன் என்றும் சொல்கிறார். இந்த இரண்டையும் சமாதானப்படுத்த அவர் முயலவில்லை. முள் நல்லது என்று எங்கும் சொல்லவில்லை. அது போகவேண்டும் என்று கேட்பது அவிசுவாசம் என்றும் நினைக்கவில்லை. மூன்று முறை கேட்டார். கெத்செமனேயில் இயேசுவும் பாத்திரம் நீங்கும்படி மூன்று முறை ஜெபித்தார் என்பதை நினைத்தால், ஆண்டவரே கேட்டதைப் போலத்தான் அடியவனும் கேட்டிருக்கிறான். இருவருக்கும் கேட்டபடி கிடைக்கவில்லை.

இங்கேதான் கிருபை என்பது பவுலுக்கு என்ன என்று தெரிகிறது. முள்ளை நீக்கிவிட்டு அந்த இடத்தில் பலம் தருவது பற்றி அந்த மறுமொழி பேசவில்லை. முள் இருக்கும். அதோடு கிருபையும் இருக்கும். ‘போதும்’ என்பது எதிர்காலத்துக்கான வாக்கும் அல்ல. இப்போதே, இந்த நிலையிலேயே போதும். காரணத்தை நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் சொல்கிறார். கிறிஸ்துவே பலவீனத்தில் சிலுவையில் அறையப்பட்டார், தேவ வல்லமையால் பிழைத்திருக்கிறார் என்கிறார். ஆகவே பலவீனமான ஊழியனைப் பார்த்து இவனிடம் கிறிஸ்து இருக்கிறாரா என்று கொரிந்தியர் சந்தேகப்பட்டால், அந்தச் சந்தேகம் சிலுவைவரை போய் நிற்கும். தேவனுடைய வல்லமை உலகத்தில் மிக வெளிப்படையாகச் செயல்பட்ட இடமே, வெளிப்பார்வைக்கு ஒரு மனிதன் முழுத் தோல்வியில் தொங்கிய இடம். இதை நம்பித்தான் அவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதை மறந்துவிட்டுச் சொல்வன்மைக்கு மயங்கியதுதான் அவருக்கு வலித்தது. அந்த வலி நிருபம் முழுக்கத் தெரிகிறது; பவுலின் நிருபங்களில் இந்த அளவுக்கு மனம்விட்டுப் பேசியது வேறொன்று இல்லை என்பேன்.

நிருபம் வேலை செய்தது என்றே நினைக்க வேண்டியிருக்கிறது. அதன்பின் அவர் கிரேக்க நாட்டில் 3 மாதம் தங்கியதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. ரோமருக்கு எழுதிய நிருபம் அந்த நாட்களில் கொரிந்துவிலிருந்து எழுதப்பட்டது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகக் கொரிந்து இருக்கும் அகாயா நாட்டாரும் பணம் சேர்த்துக் கொடுத்ததாக அதில் எழுதுகிறார்.

பலவீனத்தைப் பற்றி இவ்வளவு பேசினால், அது சாக்காகிவிடாதா? நியாயமான கேள்வி. 5-ஆம் நூற்றாண்டில் இதைக் கேட்டவர்களில் முக்கியமானவர் பெலாகியுஸ். பிரித்தானியாவிலிருந்து ரோமாபுரிக்கு வந்த துறவி, கண்டிப்பான வாழ்க்கை வாழ்ந்தவர். அக்காலத்தில் வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் தன் அறிக்கை நூலில் தேவனை நோக்கி, நீர் கட்டளையிடுவதைச் செய்ய நீரே பலம் தாரும், பிறகு எதை வேண்டுமானாலும் கட்டளையிடும் என்ற பொருளில் ஒரு ஜெபத்தை எழுதியிருந்தார். ரோமாபுரியில் ஓர் ஆயர் இதை வாய்விட்டுச் சொன்னபோது பெலாகியுஸால் தாங்க முடியவில்லை என்று அகுஸ்தீனே பின்னாளில் எழுதுகிறார். பெலாகியுஸின் கவலை புரிகிறது. பெயரளவில் கிறிஸ்தவர்களாகி, ‘மனிதன் பலவீனன், என்ன செய்வது’ என்று சொல்லிக்கொண்டே பழைய வாழ்க்கையைத் தொடர்ந்தவர்கள் அவர் கண்முன்னால் இருந்தார்கள். கட்டளை கொடுத்திருக்கிறார் என்றால் அதைச் செய்யும் சக்தியும் மனிதனுக்குள் இருக்கத்தானே வேண்டும் என்றார்.

அகுஸ்தீனுக்குத் தெரிந்தது வேறு. தன் பழக்கமே தனக்குச் சங்கிலியானதை அவர் அனுபவித்திருந்தார். விரும்பினார், ஆனால் முழுமையாக விரும்ப முடியவில்லை. அந்த விருப்பத்தையும் தேவனே தர வேண்டியிருந்தது. 418-இல் கார்த்தேஜ் ஆலோசனைச் சங்கம் பெலாகியுஸின் போதனையை நிராகரித்தது. இந்த வழக்கில் நான் அகுஸ்தீன் பக்கம்தான். ஆனால் பெலாகியுஸின் கேள்வியைத் தூக்கியெறியவும் மனமில்லை. அதற்குப் பவுலே பதில் வைத்திருக்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், தான் இருப்பது தேவகிருபையினால் என்று சொன்ன கையோடு, மற்ற எல்லாரையும்விடத் தான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டதாகவும் சொல்கிறார்; உடனே, “ஆகிலும் நானல்ல” என்கிறார். கிருபையை நம்பியவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. விழுந்தால் எழுந்தார். எழுந்ததைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். குடியோடு போராடும் ஒருவர் திரும்பத் திரும்ப விழுந்தும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசி வரிசையில் வந்து உட்காருகிறார் என்றால், அவர் கிருபையைச் சாக்காக வைத்திருக்கிறாரா, அதை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறாரா? வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. தன் பலவீனத்தைத் தேவனிடம் கொண்டுபோகிறாரா, தேவனிடமிருந்து அதை மறைக்கிறாரா என்பது அவருக்குத் தெரியும்.

திருநெல்வேலிச் சீமையில் இதற்கு ஒரு வாழ்ந்த விளக்கம் உண்டு. அயர்லாந்திலிருந்து வந்து, 1901 முதல் டோனாவூரைத் தன் ஊராக்கிக்கொண்ட ஏமி கார்மைக்கேல், கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படும் ஆபத்தில் இருந்த பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். பிள்ளைகளுக்கு அவர் அம்மா. அவருக்குத் தோளாக நின்ற தமிழ்ப்பெண் பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் வந்தபோது, வேதத்தில் சொன்னபடி எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். வலி கூடியது. 1915-இல் பொன்னம்மாள் இறந்தார். பிறகு 1931 அக்டோபரில், களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், மங்கிய வெளிச்சத்தில், புதிதாக வெட்டியிருந்த குழியில் ஏமியே விழுந்து கால் முறிந்தது. சில வாரங்களில் நடந்துவிடுவார் என்று நினைத்தார்கள். 1951 ஜனவரியில் இறக்கும்வரை அந்த அறையும் படுக்கையும்தான்.

அந்தப் படுக்கையிலிருந்து அவர் எழுதியவற்றில் ஒரு விஷயத்தை நாம் தனியாகக் கவனிக்க வேண்டும். நோயாளிகளுக்கு ஆறுதலாக எழுதப்படும் புத்தகங்களில் பெரும்பாலானவை சுகமாக இருப்பவர்கள் எழுதியவை என்பதை, படுத்தபிறகுதான் அவர் உணர்ந்தார். அவை அவருக்குள் இறங்கவில்லை. அதனால் நோயில் கிடப்பவள் நோயில் கிடப்பவர்களுக்கு எழுதும் கடிதங்களாகத் தன் புத்தகத்தை எழுதினார். சுகம் கிடைத்தபின் எழுதலாம் என்று காத்திருக்கவில்லை. வலி இருக்கும்போதே எழுதியதால்தான் அதில் போலித் தேறுதல் இல்லை.

பவுலிலும் இதுதான். ‘கிருபை போதும்’ என்பதை முள் குத்திக்கொண்டிருக்கும்போது, குத்துப்பட்டவரே சொல்கிறார். அவருக்கு அதைச் சொன்னவர் கர்த்தர். இன்னொரு விசுவாசி அவர் தோளைத் தட்டி, ‘தம்பி, கிருபை போதும்னு இருந்துக்க’ என்று சொன்னதாக நிருபத்தில் இல்லை. நம்மிடையே இது தலைகீழாக நடக்கிறது. கணவன் அடிக்கிறான் என்று அழுதுகொண்டு வரும் பெண்ணுக்கு இந்த வசனத்தைச் சொல்லி வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அது வசனத்துக்குச் செய்யும் அநியாயம். இதே நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில், உங்களைச் சிறையாக்குகிறவனையும் முகத்தில் அறைகிறவனையும் சகித்துக்கொண்டிருக்கிறீர்களே என்று கொரிந்தியரைக் கடிந்துகொள்கிறார் பவுல். அடியைச் சகித்துக்கொள்ளச் சொல்ல அவர் பெயரை யாரும் பயன்படுத்தக்கூடாது. மருந்து வேண்டியவருக்கு மருந்து, மனநல மருத்துவர் வேண்டியவருக்கு அவர், காவல்துறை வேண்டிய இடத்தில் காவல்துறை. பவுல்கூடத் தமஸ்குவில் கிருபை போதும் என்று வாசலில் போய் நிற்கவில்லை. நண்பர்கள் இறக்கிய கூடையில் ஏறித் தப்பினார்.

நம் சாட்சி நேரங்களையும் இங்கே பேசியாக வேண்டும். சுகமானவர் எழுந்து சொல்கிறார், வேலை கிடைத்தவர் சொல்கிறார், விசா வந்தவர் சொல்கிறார். சபை கைதட்டி ஸ்தோத்திரம் செய்கிறது. அந்த நன்றி உண்மையானது, குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வாரம் 3 நாள் டயாலிசிஸ் செய்துகொண்டு, உபவாசக் கூட்டத்துக்கும் வந்துகொண்டு, இன்னும் சுகமாகாத அக்காவுக்கு அங்கே மைக் கிடைப்பதில்லை. அவரைக் கூப்பிட்டால் என்ன சொல்வாரோ என்று நமக்குப் பயம். ‘உங்க விசுவாசத்துல ஏதோ குறை’ என்று அவர் காதுபடவே சிலர் சொல்லியும் இருப்பார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் பவுலின் விசுவாசத்திலும் குறைதான். சாட்சி சொல்ல அழைக்கும்போது, ‘ஜெபம் கேட்கப்பட்டவர்கள் வாங்க’ என்பதோடு, ‘இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கிறவங்களும் வாங்க’ என்று சேர்த்து அழைக்கலாம். முதல் சில வாரம் யாரும் எழுந்து வராமல் இருக்கலாம். அப்போது ஆயரே தன் முள்ளிலிருந்து தொடங்கட்டும்.